மடியில் ஏறிய வேட்டைநாய்

நாய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே இகழ்ச்சிப் பொருள் கொள்வது நம்மவர் வழக்கம். ஒருவனைத் தாழ்த்திப் பேச வேண்டின் அப்பெயரால் ஏசுகின்றோம். மணிவாசகரும் இறைவன் திருமுன் தம்மை நாயினுங் கடையராகவே வைத்துப் பேசினார். ஆயினும், நட்பின் இயல்பை ஆராயப் புகுந்த நாலடியார், யானையைப் போன்றவரை விடுத்து நாயைப் போன்றவரையே நண்பராகக் கொள்க என அறிவுறுத்தும். யானை பழகியவனையும் ஒருநாட் கொல்லக்கூடும். நாயோ தன்னைப் புண்படுத்தியவனிடத்தும் அன்பு மாறாது என்பது அதன் கருத்து. இவ்விரு நூல்களையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்தேன். ஆனால், நாய் ஒன்றை வீட்டில் வளர்த்தறியேன். ஏட்டிற் கண்ட நாயன்றி வீட்டிற் கண்ட நாய் எனக்கு இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் மலைநாட்டிலே நெடுங்காலம் மருத்துவத் தொழில் புரிந்தவர். முதுமையில் மகளோடு வாழும் பொருட்டுக் கடல் கடந்து செல்லவிருந்தார். தாம் வளர்த்த ஐந்து வயதுக் கொக்கர் ஸ்பானியல் நாயை எங்கள் இல்லத்தில் ஏற்றுக்கொள்ளுதல் இயலுமா என்று கேட்டிருந்தார். என் இளைய மகள் கடிதத்தைப் படித்த கணமே நாய்க்குப் படுக்கை தேடத் தொடங்கிவிட்டாள். மனைவி, வீட்டைப் பெருக்குவது யார் என்று வினவினாள். எண்பது வயது நிரம்பிய என் அன்னையார் ஒரே வசனத்தில் வழக்கை முடித்தார்: “தம்பி, கொப்பர் இருந்திருந்தால் நாயை விறாந்தையிலை தன்னும் ஏற விட்டிருப்பாரே? அது இஞ்சை வரப்படாது.”

அன்னையின் சொல்லையும் மகளின் ஆசையையும் ஒருங்கே காக்கும் வழி அறியாத நான், ஆசிரியர் எவரும் செய்வதைச் செய்தேன், நூல்களை நாடினேன். ஸ்பானியல் என்பது எத்தகைய நாய், அது குடும்பத்தில் வளர்த்தற்கு உரியதென்று மேனாட்டார் கொண்டாடுவது ஏன், அக்கொண்டாட்டம் எவ்வளவிற்கு உண்மை என்பவற்றை அறிந்த பின்னரே விடை எழுதுவது என உறுதி கொண்டேன். அங்ஙனம் அறிந்தவற்றையும், பின்னர் அனுபவத்தால் உணர்ந்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துக் கூறுவேன்.

நம் மொழியில் நாய்க்குப் பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்பன அவற்றுட் சில. அதன் குட்டியைக் குருளை என்பர் தொல்காப்பியர். குறிஞ்சி நிலத்து வேட்டுவரோடு நாய் செல்லுதலைச் சங்கச் செய்யுள்கள் பல காட்டும். எனினும், இன்ன வேட்டைக்கு இன்ன நாய் என வகுத்து, அவ்வத் தொழிலுக்கேற்ற குணங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்து, குலவரலாறும் எழுதி வைத்தோர் மேனாட்டவரே. அவர் வகுத்த குலங்களுள் ஸ்பானியல் மிகப் பழையது. இப்பெயர் ஸ்பெயின் தேசத்தின் பெயரோடு தொடர்புடையது. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் வந்து புகுந்தது. பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலப் புலவர் சோசர் தம் கன்ரபரிக் கதைகளில் இந்நாயைக் குறிப்பிட்டுள்ளார். 1570 ஆம் ஆண்டில் ஜோன் கேயஸ் என்னும் மருத்துவர் ஆங்கில நாட்டு நாய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அந்நூலிலும் பறவை வேட்டைக்குரிய நாயாக இது பேசப்படுகின்றது.

இந்நாயின் தொழிலை அறிந்தாலன்றி இதன் குணத்தை அறிதல் இயலாது. பற்றையுள்ளும் புல்லினுள்ளும் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தாற் கண்டு அதனை வெளியே பறக்கச் செய்வதே ஸ்பானியலுக்கு விதிக்கப்பட்ட பணி. துப்பாக்கி தோன்றுதற்கு முன்னர், பழக்கிய வல்லூறுகளை ஏந்திச் சென்றோர்க்கும் வலை விரித்தோர்க்கும் இது இவ்வாறு துணைபுரிந்தது. துப்பாக்கி வந்த பின்னர், பறவையை எழுப்பியதும் அசையாது நின்று, அது சுடப்பட்டு வீழ்ந்தபின் ஏவல் பெற்றுச் சென்று, இறகு கலையாது வாயிற் கவ்வி வந்து தலைவன் கையிற் கொடுக்கும் வேலையும் இதனைச் சார்ந்தது. வுட்கொக் என்னும் பறவையை வேட்டையாட உதவியமையால் ஒரு வகைக்குக் கொக்கர் என்றும், பறவையைத் துள்ளி எழச் செய்தமையால் மற்றொரு வகைக்கு ஸ்பிரிங்கர் என்றும் பெயர் வழங்கலாயின. தொடக்கத்தில் இவ்விரு வகையும் ஒரே ஈற்றிற் பிறத்தலுமுண்டு. சிறியது கொக்கர், பெரியது ஸ்பிரிங்கர் என்பதே வேறுபாடு. 1873 இல் நிறுவப்பட்ட இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் கழகம் கொக்கரை 1892 இலும் ஸ்பிரிங்கரை 1902 இலும் தனிக்குலங்களாக ஏற்றுக்கொண்டது. இன்று ஆங்கிலக் கொக்கர் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் உயரமும் 14 கிலோகிராம் நிறையும் உடையது. ஸ்பிரிங்கர் 51 சென்ரிமீற்றர் அளவு உயரும்.

இத்தொழிலிலிருந்து மூன்று குணங்கள் பிறந்தன. முதலாவது, மனிதனை விட்டு அகலாமை. நரியையோ மானையோ துரத்தும் நாய் தலைவனைப் பல கல் தூரம் பின்னே விட்டு ஓடும். ஸ்பானியலோ, துப்பாக்கிக் குண்டு எட்டும் எல்லைக்குள்ளேயே இடமும் வலமுமாக ஓடித் தேடல் வேண்டும். எல்லை கடந்து எழுப்பிய பறவை வேடனுக்குப் பயன்படாது. ஆதலின், நொடிக்கொரு தரம் தலைவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாய்களையே வளர்ப்போர் தெரிந்தெடுத்தனர். வீட்டினுள் அறைக்கு அறை நம் பின்னாலேயே அது வருவதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது, வாயின் மென்மை. இறந்த பறவையைச் சிதையாது கொணர்தற்குக் கடித்தும் கடியாததுமான பிடி வேண்டும். அத்தகைய வாயையுடைய நாயே குழந்தையின் கையிலுள்ள பண்டத்தை விரல் நோவாது வாங்கவல்லது. மூன்றாவது, ஏவலை உவந்து செய்தல். அதட்டி வேலை வாங்குவோனிடத்து இது ஒடுங்கிவிடும். இன்சொல் வழங்குவோனுக்குக் களைக்குமளவும் உழைக்கும். மாணவரிலும் இவ்வகையினர் உண்டென்பதை ஆசிரியர் அறிவர்.

இக்குணங்களோடு கூரிய மோப்பமும் சேர்ந்தமையால், போர்க்களங்களிலும் துறைமுகங்களிலும் மறைபொருள் தேடும் பணிக்கு இந்நாய்கள் இன்று அமர்த்தப்படுகின்றன. பஸ்ரர் என்னும் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் 2003 ஆம் ஆண்டில் ஈராக்கின் தென்பகுதியிலே ஒளித்து வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டு காட்டி, விலங்குகளுக்கென வழங்கப்பெறும் டிக்கின் பதக்கத்தைப் பெற்றது. ஆயின், காவலுக்கு நாய் தேடுவோர் இதனை நாடுதல் வேண்டா. படலையைத் திறந்துகொண்டு வரும் அந்நியனையும் நெடுநாள் உறவினனைப் போல வாலாட்டி வரவேற்பது இதன் இயல்பு. வீட்டுக்கு வேலி வேண்டுவோர் வேறு நாய் தேடுக. வீட்டினுள் ஓர் உறுப்பினர் வேண்டுவோர்க்கே இது உரியது.

ஆங்கில இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற ஸ்பானியல் ஒன்று உண்டு. எலிசபெத் பரெற் என்னும் கவிஞர் நோய்வாய்ப்பட்டு நெடுங்காலம் அறையுள் அடைபட்டுக் கிடந்தவர். 1840 இல் அவர்தம் அன்புச் சகோதரர் நீரில் மூழ்கி இறந்தார். அத்துயரை ஆற்றுவான் வேண்டி, எழுத்தாளரான மேரி ரசல் மிற்ஃபோர்ட் என்னும் தோழியார் 1841 இல் ஃபிளஷ் என்ற கொக்கர் ஸ்பானியலை அவருக்கு அளித்தார். வயல்வெளியில் ஓடித் திரிந்த அந்நாய், இலண்டன் மாநகரில் இருண்ட அறையொன்றிலே நோயாளியின் கட்டிலை விட்டு நீங்காது கிடந்தது. அக்காலத்து இலண்டனில் செல்வர் வீட்டு நாய்களைத் திருடி மீட்புப் பணம் பறிக்கும் கூட்டத்தார் இருந்தனர். ஃபிளஷ் மும்முறை திருடப்பட்டது. மூன்றாம் முறையாக, 1846 ஆம் ஆண்டு செப்டெம்பரில், பணம் கொடுத்தலாகாது என்று தந்தை தடுத்தார். காதலரான கவிஞர் றொபேட் பிறவுணிங்கும் அவ்வாறே வாதிட்டார். அறையை விட்டு வெளிச் செல்லவே அஞ்சிய அம்மையார், பணிப்பெண்ணோடு வண்டியேறித் திருடர் தலைவன் வாழும் சேரிக்கே சென்றார்; நாயையும் மீட்டார். அதே மாதத்தில் தந்தையறியாது பிறவுணிங்கை மணந்து, அவரோடும் ஃபிளஷோடும் இத்தாலி சென்றார். ஃபிளஷ் 1854 இல் புளோறன்ஸ் நகரில் இறந்து, அவர்கள் வாழ்ந்த இல்லத்தின் அடியிலேயே புதைக்கப்பட்டது. இந்நாயின் வரலாற்றை வேர்ஜீனியா வுல்வ் 1933 இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இக்கதையில் நாம் கருதத்தக்க வேறொன்றுமுண்டு. அத்துணை அன்புடைய ஃபிளஷ் பிறவுணிங்கைக் கடித்திருக்கின்றது. தன் தலைவியின் அன்பிற்குப் பங்காளி ஒருவன் வந்தான் என்பதை அது பொறுத்திலது. 1849 இல் குழந்தை பிறந்தபோதும் சின்னாள் வாடிக் கிடந்து, பின்னரே அக்குழந்தையோடு பழகியது. ஆகவே, சாந்தமான குலத்து நாய் கடியாது என்று நினைத்தல் பேதைமை. மனம் உள்ள இடத்தில் மனவருத்தமும் உண்டு.

குழந்தைகளின் நாய் ஒன்று அரசியலையே திருப்பிய செய்தியும் உளது. 1952 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உபசனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட றிச்சட் நிக்சன், ஆதரவாளரிடம் முறையற்ற நிதி பெற்றார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். செப்டெம்பர் 23 ஆந் திகதி தொலைக்காட்சியில் தோன்றி மறுமொழி கூறியவர், தாம் ஏற்றுக்கொண்ட அன்பளிப்பு ஒன்றுண்டு என்றும், அது தம் சிறு புதல்வியர்க்காக ரெக்சாசிலிருந்து வந்த செக்கர்ஸ் என்னும் கொக்கர் ஸ்பானியல் குட்டி என்றும், யார் எது கூறினும் அதனைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்றும் கூறினார். மக்கள் மனம் இளகிற்று. அவர் பதவியும் தப்பியது. அவ்வாதத்தின் நேர்மையை வரலாற்றாசிரியர் ஆராய்க. குழந்தையிடமிருந்து அதன் நாயைப் பிரித்தல் கொடுமை என்று ஒரு தேசமே உணர்ந்தமைதான் நாம் ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இனி, இக்கொண்டாட்டத்தின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. மனிதனுடைய பிரியமே இந்நாய்க்குக் கேடாய் முடிந்த வரலாறு ஒன்று உண்டு. 1660 முதல் 1685 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சாள்ஸ் மன்னன் சிறு ஸ்பானியல்களிற் பெருவிருப்புடையவன். மந்திராலோசனை நடக்கும்போதும் அவன் நாயோடு விளையாடியதைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பிற் பழித்துள்ளார். அம்மன்னன் பெயர் பெற்ற அச்சிறு நாய், பிற்காலத்தாரின் விருப்பத்திற்கிணங்க மூக்குக் குறுகி முகம் தட்டையாயிற்று. பழைய நீள்முகத்தை மீட்டல் வேண்டுமென்று றொஸ்வெல் எல்ட்றிஜ் என்னும் அமெரிக்கர் விழைந்து, 1926 இல் கிறவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண் பரிசு அறிவித்தார். அதன் பயனாகத் தோன்றியதே கவலியர் கிங் சாள்ஸ் ஸ்பானியல். 1928 இல் அதற்கெனச் சங்கம் எழுந்தது. 1945 இல் அது தனிக்குலமாக ஏற்கப்பட்டது. மடியில் வைத்துக் கொஞ்சுதற்கு இதனினும் இனிய நாய் அரிது.

ஆனால், சில நாய்களையே மூலமாகக் கொண்டு குலம் பெருகியமையால், முன்னோரின் நோயும் குலச் சொத்தாயிற்று. வயது ஏற ஏறக் கவலியர் நாய்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் இருதய வாயில் தளர்ந்து பழுதாகின்றது. மூளைக்குப் போதிய இடம் தராத மண்டையோட்டினால் பெருநோவு எய்துவனவும் உள. 2023 இல் நோர்வே நாட்டின் அதியுயர் நீதிமன்றம், அந்நாட்டிலே கவலியர் நாய்களை இன்று உள்ளவாறே இனப்பெருக்கஞ் செய்தல் விலங்கு நலச் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. முகத்தின் அழகை நோக்கியோர் உள்ளே இருக்கும் நெஞ்சை நோக்காது விட்டதன் விளைவு இது. ஆதலின், ஸ்பானியல் வாங்க விழைவோர் நிறத்தையும் கண்ணையும் மட்டும் கண்டு மயங்காது, தாய் தந்தையின் உடல்நலத்தை வினவியறிதல் கடமையாகும். வினவினாற் சினக்கும் விற்பனையாளரிடம் வாங்காதொழிக.

இவற்றையெல்லாம் அன்னையார்க்கும் எடுத்துரைத்தேன். கவிஞரின் கதையை மட்டும் அவர் செவிமடுத்தார். “நோயாளிப் பெட்டைக்குத் துணையாய்க் கிடந்ததோ?” என்று கேட்டார். பிறகு, விறாந்தை வரை வரலாம், சாமியறையும் குசினியும் கூடா என்று விதி வகுத்தார். நண்பர் நாயைத் தாமே கொணர்ந்து ஒப்படைத்து, திரும்பிப் பாராமற் போனார். அதற்கு அவர் இட்டிருந்த ஆங்கிலப் பெயர் அன்னையார் நாவில் வரவில்லை. செம்பின் நிறமுடைமையால் செம்பன் என்று அவரே பெயரிட்டார்.

முதல் மாரியில் எங்களுக்குச் சோதனை வந்தது. ஒருநாள் மகள் விளையாட்டாக அதன் காதைத் தொட்டாள். செம்பன் உறுமிப் பல்லைக் காட்டி, அவள் விரலைச் சற்றே கவ்வியும் விட்டது. தோல் கிழியவில்லையாயினும் வீடு கலங்கிற்று. விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றிய நாயே எனினும் மகளை மருத்துவரிடம் காட்டினோம். இந்நாய் இனி இங்கு ஆகாது என்று நான் முடிவு செய்து, வேறிடம் தேடவும் தொடங்கினேன். மறுநாள் மிருக வைத்தியர் அதன் காதை மடித்துக் காட்டினார். உள்ளே சிவந்து புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. நீண்டு தொங்கும் அடர்மயிர்க் காதினுள் காற்றோட்டம் குறைவு. கிணற்றடியில் நாங்கள் அன்போடு வார்த்த நீர் உள்ளே தங்கி நோயை வளர்த்திருந்தது. எத்தனையோ நாளாக அது தலையை உதறியதையும் காதைச் சொறிந்ததையும் எல்லோரும் கண்டோம். கண்டும் உணர்ந்தோம் அல்லோம். வாயில்லாச் சீவனிடம் இருந்த ஒரே மொழியை அது பேசியது. குற்றம் அதனதா, எங்களதா என்று என்னை நானே வினவிக்கொண்டேன். நாயை அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

அன்று தொட்டு நாங்கள் கைக்கொண்ட ஒழுங்குகளை, இந்நாய் வளர்க்க விரும்புவோர்க்குக் கூறுவேன். கிழமைக்கு ஒரு முறையேனும் காதைத் திறந்து பார்த்தல் வேண்டும். குளிப்பாட்டிய பின் ஈரம் நீங்கத் துடைத்தல் வேண்டும். மயிரை நாடோறும் சீவி, வெப்ப காலத்திற் குறுக வெட்டுதல் நன்று. நம் நாட்டிற்கு உண்ணி பெரும்பகை. காதின் உட்புறமும் விரலிடுக்கும் அவை ஒளிந்திருக்கும் இடங்கள். நண்பகல் வெயிலில் ஓடவிடாது, காலையும் மாலையும் நடத்திச் செல்க. இது வேட்டைநாயின் வழித்தோன்றல். முற்றத்திற் கட்டி வைத்தால் மனம் நொந்து, கண்டதைக் கடித்துக் குதறும். உணவில் இதற்குப் போதும் என்பது கிடையாது. கேட்குந்தோறும் இட்டால் விரைவிற் கொழுத்து நோயுறும். குழந்தையையும் நாயையும் பெரியோர் கண்காணாது தனியே விடற்க. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடாதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குக. எல்லாவற்றிற்கும் மேலாக, காலையில் யாவரும் வெளியேறி மாலையிலே திரும்பும் வீட்டுக்கு இந்நாய் பொருந்தாது. தனிமை இதற்கு நோய். பன்னிரண்டு ஆண்டளவு வாழும் ஓர் உயிரை ஏற்பது சிறிய வாக்குறுதியன்று.

எங்கள் வீட்டிலும் காலையில் யாவரும் பள்ளிக்கும் தொழிலுக்கும் போய்விடுவோம். எஞ்சியிருப்பவர் அன்னையார் ஒருவரே. முழங்கால் நோவினால் அவர் இப்போது அதிகம் நடமாடுவதில்லை. செம்பன் முதலில் விறாந்தைப் படியிற் கிடந்தது. பின்னர்க் கதவு நிலையருகே வந்தது. இன்று அவருடைய சாய்மனைக் கதிரையின் கீழே, அவர் பாதத்தில் தாடையை வைத்துக் கிடக்கின்றது. யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. சாமியறை வாசலில் மட்டும் இன்றும் அது நின்றுவிடும். ஆசையோடு கேட்டவள் மகள், ஆராய்ந்தவன் நான், ஆனால், நாய் தெரிந்துகொண்டது அகலாது உடனிருப்பவரையே.

சென்ற வாரம் கல்லூரியிலிருந்து மாலையில் வீடு திரும்பினேன். நான் உண்டேனா என்று எந்நாளும் முதலிற் கேட்கும் அன்னையார், அன்று, “தம்பி, அவன் இன்னும் சாப்பிடேல்லை, ஒருக்காப் பார்” என்றார். அவன் என்றது யாரை என்று விளங்கச் சற்று நேரம் சென்றது. அஃறிணையை உயர்திணையாகக் கூறுதல் திணைவழு. ஆனால் உவப்புப் பற்றி அவ்வாறு கூறின் அது வழுவமைதியாம் என்று நன்னூல் இடந்தருகின்றது. அதனை விளக்குதற்கு, ஒருவன் தன் பசுவை “என் அம்மை வந்தாள்” என்று கூறும் பழைய உதாரணத்தையே இதுகாறும் வகுப்பிற் காட்டி வந்தேன். மறுநாள் அவ்விதியைக் கற்பித்தபோது, அதனோடு இன்னோர் உதாரணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.